பவுடர் பூசிய எஞ்சின்

அருளானந்தம் எஞ்சினுக்குப் பவுடர் போட்டுக்கொண்டிருந்தார். கழுவி, காற்றடித்து, துணியால் ஈரம் ஒற்றியெடுத்த பிறகு டப்பாவை உள்ளங்கையில் கவிழ்த்துத் தட்டி ஊதினார். இரும்பின் மேல் வெள்ளை மெல்லப் படிந்தது. பட்டறை முழுக்க மல்லிகை வாசனை.

"என்னண்ணே, பொண்ணு பாக்க வர்றாங்களா?" என்றான் முகைதீன். பக்கத்துத் தடுப்பில் ஒரு குப்பை லாரியின் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தவன்.

"உனக்குத்தான் பாக்கேன்."

"எனக்கு வேணாம்ணே. இது எங்க பாட்டன் காலத்துப் பொண்ணு. சீவிச் சிங்காரிச்சு உக்கார வைக்கிறீங்க, மாப்பிள்ளை வர்ற நேரத்துல மூக்கு ஒழுகுது."

அருளானந்தம் சிரித்தார். சிரிப்பு வர வேண்டிய இடத்தில் அவருக்குச் சிரிப்பு சரியாக வந்துவிடும். அதில் ஒரு சிரமமும் இல்லை.

"பின்பக்கம் போடலையா?"

"அங்க காஞ்சிருக்கு."

முகைதீன் மறுபடி சக்கரத்துக்குக் குனிந்துகொண்டான்.

பவுடர் போடும் வழக்கம் தூத்துக்குடி விசைப்படகுக் கொட்டகைகளில் பிடித்தது. ஒழுகுவது ஓர் இடம், சொட்டுவது ஓர் இடம் என்பார்கள் அங்கே. எஞ்சின் தலையில் கசியும் டீசல் குழாயின் வயிற்றோடு ஓடி, ஒரு போல்ட்டைச் சுற்றிக்கொண்டு, எங்கோ அடியில் போய்த்தான் தரைக்கு விழும். அடியைப் பார்த்து வேலை செய்கிறவன் நாளெல்லாம் நல்ல இடத்தையே முறுக்கிக்கொண்டிருப்பான். பவுடரைத் தூவி எஞ்சினை ஓடவிட்டால் எந்த இடத்தில் வெள்ளை முதலில் கறுக்கிறதோ அதுதான் ஊற்று. மேலே ஏறிப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். மேலே ஏறிப் பார்க்க அவர் இந்தத் தடவை பின்பக்கம் போகவில்லை.

அந்த எஞ்சின் இருந்த லாரி ஒரு காலத்தில் சிப்பாய்களை ஏற்றிச் சென்றது. பின்னால் இருபுறமும் மரப்பலகை இருக்கைகள் இன்னும் இருந்தன. பச்சைக்கு மேல் பச்சை அடித்து அடித்து, தகரம் எது, சாயம் எது என்று தெரியாதபடி தடித்துப்போயிருந்தது. மிஸ்டர் கோ என்கிற பெரியவர் ஏலத்தில் எடுத்தது. இளவயதில் தேசிய சேவைக்காகப் பட்டாளத்தில் இருந்தபோது இதே மாதிரி லாரியை ஓட்டியதாகச் சொல்வார். ஒவ்வொரு தடவை வரும்போதும், அன்றுதான் நினைவுக்கு வந்ததுபோலச் சொல்வார். பரிசோதனைக்குக் கொண்டுபோன இடத்தில், அடியில் எண்ணெய் சொட்டுகிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அப்படித்தான் அது சிங்கப்பூரின் சுங்கை காடுட்டில் இருக்கும் இந்தப் பட்டறைக்கு வந்து சேர்ந்தது. பட்டறையில் பழைய டீசல் எஞ்சின் பழகியவர் அருளானந்தம் ஒருவர்தான்.

அவருக்கு ஐம்பத்துமூன்று வயது. கப்பல் பட்டறை வேலைக்கென்று வந்து, அது முடிந்து, இங்கே ஒட்டிக்கொண்டவர். தங்குவது விடுதியில். ஞாயிற்றுக்கிழமை ஓஃபிர் சாலை மாதா கோவிலில் தமிழ்ப் பூசை, பிறகு லிட்டில் இந்தியா, பிறகு பஸ். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை ஊர். ஊரில் மனைவி ஜோசபின், மகள் ஜெனிவீவ்.

ஜோசபின் போன வருடம் செத்துப்போனாள். சிராங்கூன் சாலையில் தீபாவளி விளக்குகளை இன்னும் கழற்றாமல் இருந்த சமயம். காலையில் குளிக்கப் போனவள் குளியலறையிலேயே விழுந்துவிட்டாள். மச்சினன் போன் செய்தபோது அருளானந்தம் ஒரு டிரெய்லருக்கு அடியில் படுத்திருந்தார்.

"அத்தான், நீங்க வர்ற வரைக்கும் வச்சிருக்கவா, இன்னைக்கே எடுத்திரவா?"

அன்றிரவு விமானம் இருந்தது. மறுநாள் மதியத்துக்குள் ஊர் போயிருக்கலாம். "வைக்காண்டாம், எடுத்திருங்க" என்று சொல்லிவிட்டார். ஏன் அப்படிச் சொன்னார் என்று அவருக்கும் தெரியாது. வாய் சொல்லிவிட்டது. பிறகு பிரேக் டிரம்மை மாட்டி முடித்தார். மதிய இடைவேளையில் அடக்கத்தை போனில் பார்த்தார். யாரோ ஜோசபின் முகத்துக்கு அளவுக்கு மீறிப் பவுடர் போட்டிருந்தார்கள். அவர் ஒவ்வொரு தடவையும் வாங்கிப்போகும் அதே மல்லிகைப் பவுடராகத்தான் இருக்கும், வீட்டில் வேறு இல்லை. இவ்வளவு அப்ப மாட்டாளே என்று நினைத்தார். அந்த ஒன்றைத்தான் நினைத்தார்.

பிறகு காத்திருந்தார். அழுகை வரும் என்று எல்லோரும் சொன்னார்கள். பங்குச்சாமியார் சொன்னார். "அடக்கி வைக்காதீங்கண்ணே" என்று முகைதீன் சொன்னான். அவர் எதையும் அடக்கவில்லை. பசித்தது, சாப்பிட்டார். இரவில் தூக்கம் நன்றாக வந்தது. விடுதியில் மற்றவர்கள் சத்தம் போடாமல் நடந்தபோது, அவர்களுக்காகவாவது கொஞ்சம் விழித்திருக்கலாமே என்று கூச்சமாக இருந்தது. லாரிக்காகப் புதிதாக ஒரு மல்லிகைப் பவுடர் டப்பாவைத் திறந்தபோதுகூட, ஏதாவது ஆகும் என்று ஒரு நிமிடம் நின்று பார்த்தார். வாசனை வந்தது. வேறெதுவும் வரவில்லை.

இப்போது வருடம் திரும்பப் போகிறது. வருடப் பூசையன்று கல்லறை கட்டி, சாமியார் வந்து மந்திரித்து, சிலுவைக்கு மாலை போட வேண்டும். மாலை புருசன் கையால். ஊர் முழுக்கச் சுற்றி நிற்கும். ஜோசபினின் அக்காமார் மூன்று பேரும் கல்லில் தலையை முட்டிக்கொண்டு அழுவார்கள். அவர் மாலையைப் போட்டுவிட்டு நிற்பார். அப்போதும் ஒன்றும் வரவில்லை என்றால்? மற்றவர்கள் பார்த்தால் பார்க்கட்டும். ஜெனிவீவ் பார்ப்பாள்.

"வருதீயளாப்பா?" என்று அவள் கேட்டபோது, "லாரி ஒண்ணு கையில கிடக்கு, முடிஞ்சதும் வாரேன்" என்றார். பொய்யும் அல்ல. முதலாளி ரகுபதி அப்படித்தான் சொல்லியிருந்தார். "இது முடியட்டும் அருளண்ணே. முடிஞ்ச அன்னைக்கே டிக்கெட் நானே புக் பண்றேன் லா. மிஸ்டர் கோ தினமும் என் தலையைத் தின்றாரு." ரகுபதி இங்கேயே பிறந்தவர், செங்காங்கில் வீடு. வார்த்தை தவறாதவர்.

லாரியும் சளைக்காமல் ஒழுகியது. முதலில் இறுகிப்போயிருந்த ரப்பர் குழாய்களை மாற்றினார். டாங்கியிலிருந்து எண்ணெய் இழுக்கும் பம்பில் சவ்வு கிழிந்திருந்தது, அதை மாற்றினார். இன்ஜெக்டர்களுக்குப் போகும் இரும்புக் குழாய் ஒன்றில் மயிரிழை வெடிப்பு. அதற்குப் புதுக் குழாய் வளைத்துப் போட்டார். ஒன்றை அடைத்தால் அழுத்தம் இன்னொரு கிழட்டு இடத்தைத் தேடிப் போயிற்று. அத்தனையும் உள்ளபடியே இருந்த ஒழுக்குகள். அத்தனையும் ஒழுங்கான வேலை. அடியில் விரித்திருந்த அட்டையில் ஈர வட்டம் நாளுக்கு நாள் சிறுத்துக்கொண்டு வந்தது.

கடைசியில் மிச்சம் இருந்தவை செம்பு வாஷர்கள். எரியாமல் மிஞ்சும் டீசலை டாங்கிக்குத் திருப்பி அனுப்பும் மெல்லிய குழாய் ஒன்று எஞ்சின் தலையோடு ஓடும். அதன் ஒவ்வொரு இணைப்பிலும் இருபுறமும் செம்பு வாஷர். பழைய செம்பு நசுங்கி நசுங்கி இறுகிவிடும். அந்த அளவில் புதிது கிடைப்பதில்லை. அதனால் பழையதையே கம்பியில் கோத்து அடுப்பில் காட்டி, நெருப்பாகச் சிவந்ததும் தண்ணீரில் போட வேண்டும். செம்பு இளகிவிடும். பிறகு முறுக்கினால் வெண்ணெய்போல உட்கார்ந்துகொள்ளும்.

பட்டறைச் சமையல் மூலையில், நூடுல்ஸ் வேகவைக்கும் அடுப்பில், எல்லாவற்றையும் காட்டி எடுத்தார். ஒன்றைத் தவிர. அந்த ஒன்று அவருடைய சட்டைப் பையில் இருந்தது. அது பையில் இருப்பது அவருக்குத் தெரியும். ஓட்டுநர் அறைச் சுவரை ஒட்டி, கை நுழைய முடியாத கடைசி இணைப்பில் அதை அப்படியே போட்டு முறுக்கினார். சாவி இறுகும்போது செம்பு கடித்துக்கொள்ளவில்லை என்று விரல் சொன்னது. கையைத் துடைத்துக்கொண்டு இறங்கி வந்தார். மறுநாள் காலை அட்டையில் ஒரு வெள்ளிக் காசளவு ஈரம்.

"இன்னும் எங்கயோ கசியுது, பாஸ்."

"பாருங்கண்ணே, மெதுவா பாருங்க" என்றார் ரகுபதி.

அதன் பிறகுதான் முன்பக்கத்துக்கு மட்டும் பவுடர் போடத் தொடங்கினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து லிட்டில் இந்தியாவுக்கு நடந்தார். சிராங்கூன் சாலையில் ஏணி வண்டியில் நின்றுகொண்டு ஆட்கள் இந்த வருடத்து விளக்குகளைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். புல்வெளியில் ஆட்கள் வட்டம் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். ஓரமாக இடம் பார்த்து உட்கார்ந்ததும் ஜெனிவீவ் கூப்பிட்டாள்.

"அப்பா, கொத்தன் வந்து நிக்கான். கல்லுல என்ன எழுத்து வெட்டணும்னு கேக்கான்."

"பேரு. தேதி."

"அது தெரியாதா. கீழ நம்ம பேரு போடணும்லா. போன வருசம் போஸ்டர்ல போட்ட மாதிரியே, 'கண்ணீருடன் கணவர் அருளானந்தம், மகள் ஜெனிவீவ்'னு வெட்டச் சொல்லட்டா?"

எதிரே ஒருவர் வெட்டிப் போட்ட மாம்பழத் துண்டுகளை மிளகாய்ப் பொடியில் தொட்டுத் தின்றுகொண்டிருந்தார். அருளானந்தம் அதையே பார்த்தார். போஸ்டரைக் கிழித்துவிடலாம், மழை கரைத்துவிடும். கல்லில் வெட்டினால் கல்லில்தான் இருக்கும்.

"அப்பா?"

"அந்த வார்த்தை வேண்டாம்."

"எந்த வார்த்தை?"

"லாரி முடியட்டும். யோசிச்சுச் சொல்லுதேன்."

"லாரி, லாரி" என்றாள் ஜெனிவீவ். "அந்த லாரி என்ன, ரயிலா? எத்தன நாளா ரிப்பேர் பாக்குதீய?"

அவர் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டாள்.

இரண்டு நாள் கழித்து ரகுபதி அவரை ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டார். ஏசி ஓடிக்கொண்டிருந்தது. மேசையில் ஒரு பொட்டலத்தில் பாதி தின்ற நாசி லெமாக் சோறு.

"அண்ணே, உங்க மக எனக்கு மெசேஜ் போட்டுச்சு."

அவசரத்துக்கென்று அவர்தான் முதலாளி எண்ணை அவளிடம் கொடுத்து வைத்திருந்தார்.

"வருசப் பூசையாம். கல்லறை மந்திரிக்கணுமாம். என்கிட்ட ஏன்ணே சொல்லல? நீங்க லீவு வேணும்னுதான் கேட்டீங்க. நான் என்னமோ சும்மா ஊருக்குப் போறீங்கன்னு நெனச்சுக்கிட்டு, லாரி முடிங்க, லாரி முடிங்கன்னு… என்னைப் பத்தி அந்தப் பொண்ணு என்ன நெனச்சிருக்கும்?"

"லாரி பாதியில—"

"லாரி கெடக்கட்டும் லா. சனிக்கிழமை டிக்கெட் போட்டாச்சு. மிச்சத்தை முகைதீன் பாப்பான். சின்ன லீக்தானே, அவனுக்குத் தெரியாதா?"

அருளானந்தம் தலையாட்டினார். வெளியே வந்தபோது முகைதீன் ஏற்கெனவே லாரி மேல் ஏறியிருந்தான். பவுடர் டப்பா அவன் கையில் இருந்தது. அவன் முன்பக்கம் போகவில்லை. நேராகப் பின்பக்கம் போய் ஊதினான். எஞ்சினை ஓடவிட்டான். கடைசி இணைப்பின் கீழே வெள்ளையில் ஒரு கறுப்புக் கோடு இறங்கியது, அவசரமே இல்லாமல்.

முகைதீன் எஞ்சினை நிறுத்தினான். கையை வளைத்து நுழைத்து, தனக்குத்தானே திட்டிக்கொண்டு போல்ட்டைக் கழற்றினான். வாஷரை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான். மற்ற வாஷர்கள் நெருப்பில் பட்ட கறையோடு மங்கலாக இருந்தன. இது பழைய வரித் தடங்களோடு பளபளவென்று இருந்தது.

கீழே நின்ற அருளானந்தத்தைப் பார்த்தான்.

"அண்ணே, இது நீங்க போட்டதா?"

"நாந்தான்."

"சுட மறந்துட்டீங்களா?"

"இல்ல."

முகைதீன் ஆபீஸ் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். பிறகு பம்பர் மேல் உட்கார்ந்து கால்களைத் தொங்கப்போட்டான். தெம்பனிஸிலிருந்து தீவின் இந்தக் கோடிக்கு தினமும் ரயில் மாறி மாறி வருகிறவன், வாய் ஓயாதவன். இப்போது குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"ஊருக்குப் போக வேணாம்னா வேணாம்னு சொல்லலாம்ல. அந்தப் பெரியவர் பாவம் இல்லையா? போன வாரம் வந்து லாரிச் சக்கரத்தைத் தடவிக் குடுத்துட்டுப் போறாரு."

"போக வேண்டாம்னு இல்ல."

"பின்ன?"

"அங்க போயி நின்னா எனக்கு ஒண்ணும் வராது, முகைதீன். வெறுங்கல்லு மாதிரி நிப்பேன். எம்மக பாத்துக்கிட்டு நிப்பா."

ஆறுதல் சொல்வான் என்று அருளானந்தம் எதிர்பார்த்து, கேட்டுக்கொள்ளத் தயாராக நின்றார். முகைதீன் கையை நீட்டி வாஷரைக் கொடுத்தான்.

"இதை நீங்களே சுட்டு எடுத்துட்டு வாங்க. நான் சுட்டா உருக்கிருவேன். பாஸ் கேட்டா, ஒரு வாஷர் சரியில்லன்னு சொல்லிக்கிறேன். சரியில்லதானே."

சமையல் மூலையில் யாருமில்லை. அருளானந்தம் அடுப்பைப் பற்றவைத்து, வாஷரைக் கம்பியில் கோத்து நீலத் தீயில் பிடித்தார். செம்பு முதலில் பல நிறம் காட்டியது. பிறகு கறுத்தது. பிறகு உள்ளிருந்து சிவந்தது. தேநீர்க் குவளைத் தண்ணீரில் போட்டார். சுர்ரென்று ஒரு சின்னச் சத்தம். எடுத்து விரலில் வைத்து அழுத்திப் பார்த்தார். இளகியிருந்தது. ஒரு நிமிட வேலை. இதற்கா இத்தனை நாள் என்று தோன்றியது. அதுவும் யாரோ யாரைப் பற்றியோ நினைப்பதுபோலத்தான் இருந்தது.

மேலே ஏறிப் படுத்து, கடைசி இணைப்பில் போட்டு முறுக்கினார். கடித்துக்கொண்டது. விரலுக்குத் தெரிந்தது.

இந்தத் தடவை முன்னும் பின்னும் பவுடர் போட்டார். மதியச் சாப்பாடு முடியும்வரை எஞ்சின் ஓடியது. வெள்ளை வெள்ளையாகவே இருந்தது.

மாலையில் பட்டறை வாசலில் நின்று ஜெனிவீவைக் கூப்பிட்டார்.

"சனிக்கிழமை வாரேன்."

"உங்க முதலாளி சொல்லிட்டாரு." அவள் குரலில் கோபம் இன்னும் கொஞ்சம் பாக்கி இருந்தது.

"ஜெனி."

"என்ன?"

"நான் வருவேன். மாலை போடுவேன். அழுகை கிழுகைன்னு எங்கிட்ட எதிர்பாக்காத. வராது."

சாலையில் ஒரு கான்கிரீட் லாரி உறுமிக்கொண்டு போயிற்று.

"யாருப்பா எதிர்பாத்தா?" என்றாள் ஜெனிவீவ். "அழ இங்க ஆள் இல்லாமலா கெடக்கு? பெரியம்மா மூணு பேர் இருக்காவ. போன வருசம் அவிய அழுத அழுகையில எனக்கு அழவே எடம் கெடைக்கல. நீங்க சும்மா வந்து எம்பக்கத்துல நில்லுங்க."

"ம்."

"அந்த வார்த்தைய எடுத்தாச்சு. பேரு மட்டுந்தான் வெட்டுதான். கல்லுல எடமும் இல்ல."

"சரி."

"பெறவு, பெரியம்மா மூணு பேரும் கோடாலித் தைலம் வாங்கிட்டு வரச் சொன்னாவ. அழுதா தலைவலிக்கும்லா. மறந்துராதீய."

வெள்ளிக்கிழமை மிஸ்டர் கோ வந்து லாரியை எடுத்துப்போனார். படியில் கால் வைத்து ஏறும்போது, இதே மாதிரி ஒன்றைத் தான் இளவயதில் ஓட்டியதாக அருளானந்தத்திடம் சொன்னார். கேட்டைத் தாண்டும்போது ஹாரன் அடித்தார். லாரி நின்ற இடத்தில் அட்டை மட்டும் கிடந்தது. பழைய வட்டங்கள் எல்லாம் காய்ந்து விளிம்பு மட்டும் தெரிந்தது. புதிதாக ஒன்றும் இல்லை. அட்டையை மடித்துக் குப்பையில் போட்டார். மிச்சப் பவுடர் டப்பாவை முகைதீனிடம் நீட்டினார்.

"எனக்கெதுக்குண்ணே? நானே நல்ல கலரு."

"அடுத்த பொண்ணுக்கு ஆகும். வச்சுக்க."

சனிக்கிழமை காலை சிராங்கூன் சாலைக்குப் போனார். ஊருக்குப் போகும் ஒவ்வொரு தடவையும் போகும் கடைதான். கால் பழக்கத்தில் பவுடர் அடுக்கியிருந்த பக்கம் போயிற்று. ஒரு டப்பாவை எடுத்து, திருப்பிப் பார்த்து, இருந்த இடத்திலேயே வைத்தார். பிறகு தைலம் இருக்கும் பக்கம் போய் மூன்று புட்டிகளை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றார்.

கல்லாவில் இருந்த பெண் பில் போட்டாள். "மூணா அங்கிள்?"

"மூணு" என்றார். அவள் பையைப் பிரித்தாள். பின்னால் நின்றவர் கூடையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"இரும்மா" என்றார் அருளானந்தம். கல்லாவின் பக்கத்திலேயே தைலப் புட்டிகள் ஒரு தட்டில் இருந்தன. இன்னொன்றை எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

"நாலாப் போட்டுரு."